ஐரோப்பியக் குடிமகளின் கணவருக்கு வதிவிட அட்டை: யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கேட்பது?

ஜெர்மனியில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். ஒருவர் ஜெர்மன் குடிமகள். மற்றவர் புதுச்சேரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸில் வளர்ந்து, வேலைக்காக ஜெர்மனிக்கு வந்தவர். இருவரும் திருச்சி மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். யாருடைய கணவர் சுலபமாக ஜெர்மனிக்கு வர முடியும்?

ஜெர்மன் குடிமகளின் கணவர்தான் என்று சொல்லத் தோன்றும். நடப்பது நேர்மாறு. அவருடைய கணவர் பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் தேர்வில் தேறியாக வேண்டும், குடும்ப விசா வரும்வரை ஊரில் காத்திருக்க வேண்டும். பிரெஞ்சுக் குடிமகளின் கணவருக்கு மொழித் தேர்வே இல்லை. நுழைவு விசா இலவசம். அதையும் விரைவு நடைமுறையில் கொடுத்தாக வேண்டும்.

இது அதிகாரிகளின் கவனக்குறைவால் வந்த வேறுபாடு இல்லை. இருவருக்கும் பொருந்தும் சட்டங்களே வேறு. ஜெர்மன் குடிமகள் தன் சொந்த நாட்டில் இருக்கிறார், ஆகவே அவருடைய கணவர் விஷயத்தில் ஜெர்மனியின் உள்நாட்டுக் குடியேற்றச் சட்டம் பேசும். பிரெஞ்சுக்காரர் எல்லை தாண்டி இன்னொரு உறுப்பு நாட்டுக்கு வந்திருக்கிறார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்ட விதிகள் பேசும். 2004இல் வந்த 38ஆம் எண் ஆணையில்தான் அந்த விதிகள் இருக்கின்றன. உறுப்பு நாடுகள் 2006 ஏப்ரல் முடிவதற்குள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது.

இதன் பின்னணி எளிது. ஒன்றியத்துக் குடிமக்கள் எந்த உறுப்பு நாட்டிலும் போய் வாழலாம், வேலை செய்யலாம். ஆனால் மனைவியையோ பிள்ளையையோ கூட்டிப்போக முடியாது என்றால் யார் போவார்கள்? அதனால்தான் குடும்பத்துக்கும் அந்த உரிமை நீள்கிறது. குடும்பத்தினர் இந்தியரோ இலங்கையரோ, அது பொருட்டில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உரிமை அந்தக் குடிமகள் எல்லை தாண்டியதிலிருந்து பிறக்கிறது. கணவருக்குத் தனியாக எந்த உரிமையும் இல்லை, மனைவியின் உரிமையைப் பற்றிக்கொண்டுதான் அவர் வருகிறார்.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். வதிவிட அட்டை இந்த உரிமையைத் தருவதில்லை, ஏற்கெனவே இருக்கும் உரிமையை எழுத்தில் உறுதிசெய்கிறது. பிறப்புச் சான்றிதழ் வந்த பிறகா குழந்தை பிறக்கிறது? அதுபோலத்தான் இதுவும். அட்டை கையில் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி ஒரு உரிமையை மறுக்கக் கூடாது என்று ஆணையே சொல்கிறது. ஆனால் வேலை கொடுக்கும் முதலாளியும் விமான நிலையத்து அதிகாரியும் அட்டையைத்தான் கேட்பார்கள். அதனால் வாங்கி வைத்துக்கொள்ளாமல் முடியாது.

யார் இந்த வழியில் வரலாம்?

எங்கள் ஆட்களிடையே மிகுதியாகக் குழப்பம் வரும் இடம் இது. கூட வரப்போகிறவரின் குடியுரிமையைப் பார்ப்பதற்கு முன், அழைப்பவரின் குடியுரிமையைப் பாருங்கள். அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை இருப்பது போதாது. உயர்தகுதிப் பணியாளர்களுக்குத் தரும் புளூ கார்டு போதாது. அகதி அந்தஸ்தும் போதாது. இருபது வருடமாகப் பிரான்ஸில் இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார் என்றால், அவர் ஜெர்மனிக்கு மாறும்போது இந்த விதிகள் அவருக்குப் பயன்படாது. அவர் குடும்பத்துக்கு வேறு சட்டங்கள், வேறு விண்ணப்பங்கள்.

நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாட்டவருக்கும் ஏறக்குறைய இதே விதிகள்தான். சுவிட்சர்லாந்துக்கு 2002 முதல் நடைமுறையில் இருக்கும் தனி ஒப்பந்தம் உண்டு. அயர்லாந்து, எல்லைச் சோதனை இல்லாமல் நாடுவிட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இல்லை, ஆனால் ஒன்றியத்தில் இருக்கிறது, ஆகவே அங்கும் செல்லும். பிரிட்டன் மட்டும் வெளியே போய்விட்டது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமை எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல, இந்த விதிகளை வைத்துத்தான் போயின. 2020 டிசம்பர் 31க்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கதவு மூடிவிட்டது. மறுதிசையிலும் அப்படித்தான்: வெறும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்து இன்று ஜெர்மனியில் இந்த உரிமையைக் கேட்க முடியாது.

குடும்பம் என்றால் யார் யார்? கணவன் அல்லது மனைவி. 21 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள், அதைத் தாண்டியும் பெற்றோரை நம்பி வாழும் பிள்ளைகள். தங்களை நம்பி வாழும் அப்பா அம்மா. பிள்ளைகளிலும் பெற்றோரிலும் கணவன், மனைவி இருவர் பக்கமும் சேர்த்தி, அதாவது மாமனார் மாமியாரும் முந்தைய மணத்துப் பிள்ளைகளும் உள்ளே வருவார்கள். அழைப்பவர் மாணவராக இருந்தால் மட்டும் வட்டம் சுருங்கும்: துணையும் அவர்களை நம்பியிருக்கும் பிள்ளைகளும் மட்டும்.

அண்ணன், தங்கை, மணமாகாத நீண்டநாள் துணை போன்றவர்கள் இரண்டாம் வட்டம். இவர்களுக்குத் தானாக உரிமை கிடையாது. ஊரில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், அழைப்பவரை நம்பியே வாழ்ந்தவர், கடுமையான நோயால் அவருடைய நேரடிக் கவனிப்பு தேவைப்படுபவர் என்றால், விண்ணப்பத்தைக் கவனமாக ஆராய்ந்து, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பதுதான் நாட்டின் கடமை. ஜெர்மனி இதற்கான பிரிவைத் தன் சட்டத்தில் 2020இல்தான் சேர்த்தது. இந்த வட்டத்தில் நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோரை அழைப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்பி வாழ்வது என்பது ஐரோப்பாவுக்கு வந்த பிறகு தொடங்கக் கூடாது, ஊரில் இருக்கும்போதே உண்மையாக இருந்திருக்க வேண்டும். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் அனுப்பிய பணத்துக்கு வங்கிப் பதிவு இருந்தால் அதுவே முதல் சான்று. உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே தரகர் மூலம் அனுப்பிய பணத்துக்கு எந்த அத்தாட்சியும் இருக்காது. விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், இப்போதிருந்தே வங்கி வழியாக அனுப்புங்கள்.

சொந்த நாட்டுக்குத் திரும்பினால்?

முதலில் சொன்ன ஜெர்மன் குடிமகளுக்கு வழியே இல்லையா? ஒரு வழி உண்டு. அதைத் திறந்துவிட்டது ஒரு இந்தியரின் வழக்கு. சுரிந்தர் சிங் என்ற இந்தியர் பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தத் தொழில் தொடங்க பிரிட்டன் திரும்பினார்கள். பிறகு மணவாழ்க்கை முறிந்தபோது அவரை நாடுகடத்தப் பார்த்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. வேறு உறுப்பு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் குடிமகளின் கணவருக்கு, அந்த நாட்டில் கிடைத்த உரிமையைவிடக் குறைந்ததைச் சொந்த நாடு கொடுக்கக் கூடாது என்று 1992இல் தீர்ப்பு வந்தது. திரும்பும்போது உரிமை குறையும் என்று தெரிந்தால் அவர் முதலில் கிளம்பியிருக்கவே மாட்டாரே என்பதுதான் வாதம்.

வார இறுதியில் பக்கத்து நாட்டுக்குப் போய்வந்ததைக் காட்டி இதைக் கேட்க முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் அங்கே உண்மையாகக் குடியிருந்து, அங்கேயே குடும்ப வாழ்க்கையை உருவாக்கியோ வலுப்படுத்தியோ இருக்க வேண்டும் என்று 2014இல் நீதிமன்றம் தெளிவாக்கியது. டென்மார்க் 2002இல், வெளிநாட்டுத் துணையை அழைத்துவரத் தம்பதியர் இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும், டேனிஷ் இளைஞர்கள் பலர் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனின் மால்மோவில் போய்க் குடியேறினார்கள். வேலைக்குக் கோபன்ஹேகன், வீட்டுக்கு மால்மோ. சட்டத்தை ஏமாற்றுவது என்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கும் உரிமையைப் பயன்படுத்துவது குறுக்குவழி ஆகாது.

வருவதும் விண்ணப்பிப்பதும்

சரி, பிரெஞ்சுக் குடிமகளின் கணவர் என்ன செய்ய வேண்டும்? அவர் கேட்க வேண்டியது சாதாரண ஷெங்கன் குறுகியகால விசா, ஆனால் ஒன்றியக் குடிமகளின் குடும்பத்தினர் என்ற முறையில். படிவத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருக்கும். வேலை, செலவுக்கு யார் பொறுப்பு போன்றவை. அவற்றை இவர் நிரப்ப வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, குடிமகளின் விவரத்தையும் அவரோடு உள்ள உறவையும் கேட்கும் பகுதியை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், மணச்சான்று, மனைவியின் பாஸ்போர்ட் நகல், மனைவி ஜெர்மனியில் இருக்கிறார் அல்லது கூடவே பயணம் செய்கிறார் என்பதற்கு ஓர் ஆதாரம், அவ்வளவுதான் அடிப்படை. வங்கி இருப்பு, ஹோட்டல் முன்பதிவு, பயணக் காப்பீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவை கேட்கப்படக் கூடாதவை. விசாக் கட்டணமும் இல்லை. விஎஃப்எஸ் போன்ற இடைநிலை மையத்துக்கு நீங்களாகப் போனால் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும் வரும். வேண்டாம் என்றால் தூதரகத்தில் நேரடியாகக் கொடுக்கும் உரிமை உண்டு.

மையத்தில் உட்கார்ந்திருப்பவர் சுற்றுலா விசாவுக்கான பட்டியலை நீட்டி, இதெல்லாம் எங்கே என்று கேட்பது சகஜம். சண்டை போடாமல், இது 2004/38 ஆணையின்படியான விண்ணப்பம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி மேலே வைத்துக் கொடுங்கள். அந்தக் கடிதத்தைப் படித்தால் விவரம் தெரிந்த அதிகாரிக்கு மறுகேள்வி இருக்காது.

ஜெர்மனிக்கு வந்து குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அன்மெல்டுங் என்று ஊரே சொல்லும் அதுதான். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். அப்புறம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பம். மூன்று மாதத்துக்குமேல் தங்கப்போகிறவர்தான் இதைச் செய்ய வேண்டும். முதல் மூன்று மாதம் பாஸ்போர்ட் ஒன்றே போதும். விண்ணப்பிக்கத் தரும் காலக்கெடு, வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. பெரிய நகரங்களில் சந்திப்பு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே நேரம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். தாமதமானாலும் அளவான அபராதம்தான் வரலாம், அதற்காக உரிமை பறிபோகாது.

விண்ணப்பம் கொடுத்ததும் அதற்கான சான்றை உடனே தர வேண்டும். அட்டை குறித்த முடிவு ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். கட்டணம் வாங்கினால், உள்நாட்டவர் தங்கள் அடையாள அட்டைக்குக் கொடுப்பதைவிட அதிகமாக வாங்கக் கூடாது. அந்த ஆறு மாதம் வேலைக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகலாம். உரிமை அட்டையிலிருந்து வரவில்லை என்று முன்பே பார்த்தோம். ஆனால் முதலாளிகள் தயங்குவார்கள், அங்கேதான் அந்தச் சான்று கைகொடுக்கும்.

கேட்கும் காகிதங்கள் கொஞ்சம்தான்: கணவரின் பாஸ்போர்ட், மணச்சான்று, மனைவி ஜெர்மனியில் வாழ்வதற்கும் வேலை பார்ப்பதற்கும் ஆதாரம். ஒன்றியக் குடிமக்களுக்கு முன்பு தனியாக ஒரு சான்று கொடுத்துவந்தார்கள், ஜெர்மனி அதை 2013இல் நிறுத்திவிட்டது. அதைக் கொண்டுவா என்று யாராவது கேட்டால், அது இப்போது இல்லை என்று சொல்லிவிடலாம். முகவரிப் பதிவும் வேலை ஒப்பந்தமும் போதும்.

நம் ஊர்க் காகிதங்களில்தான் சிக்கல் வரும். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் பார்க்கத் தாலி கட்டியதற்கு இங்கே மதிப்பில்லை, பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம், ஆனாலும் கோயில் ரசீதோடு நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது பெயர். மணச்சான்றில் “க. செந்தில்”, பாஸ்போர்ட்டில் “செந்தில் கந்தசாமி”, பிறப்புச் சான்றில் “செந்தில்குமார்”. நமக்கு மூவரும் ஒருவர்தான். முன்னெழுத்து என்றால் என்னவென்றே தெரியாத ஓர் அதிகாரிக்கு மூவரும் மூன்று பேர். கிளம்புவதற்கு முன்பே ஊரில் திருத்தி வாங்குவது சிறந்தது. முடியாவிட்டால், மூன்று பெயரும் ஒருவருடையவை என்ற உறுதிமொழிப் பத்திரமாவது கையில் இருக்கட்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றுகளை ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கலாம். நண்பர் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது.

மனைவிக்கு எவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும்?

வேலை பார்ப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு தொகை கிடையாது. வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும், பெயருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. ஜெர்மனியில் வாரம் 12 மணி நேரம் இசைப்பாடம் நடத்தி, போதாததற்கு அரசு உதவியும் வாங்கிய ஒரு டச்சுக்காரரைத் தொழிலாளி என்றே கருத வேண்டும் என்று 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. சுயதொழில் செய்பவருக்கும் இதே நிலைதான். ஆகவே வீட்டின் சதுர மீட்டரையும் சம்பளச் சீட்டின் கடைசி வரியையும் வைத்து ஓர் அதிகாரி கணக்குப் போடத் தொடங்கினால், அவர் ஜெர்மன் குடியேற்றச் சட்டத்தின் அளவுகோலை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். பணிவாக நினைவூட்டலாம்.

வேலை பார்க்காமல் வந்திருப்பவர் என்றால் நிலைமை வேறு. அரசு உதவியை எதிர்பார்க்காத அளவுக்கு வருமானமும் முழுமையான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அந்தப் பணம் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை, கணவரின் சம்பாத்தியமாகவும் இருக்கலாம்.

மறுப்பதற்கான காரணங்கள் குறைவு. பொது ஒழுங்கு, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், அப்புறம் மோசடி. அட்டைக்காகவே நடத்தப்பட்ட பொய்த் திருமணம் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் விசாரிப்பார்கள், தம்பதியரைத் தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள். பெற்றோர் பார்த்துவைத்த கல்யாணத்தில், மணத்துக்கு முன் இருவரும் அதிகம் பழகாதது அவர்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். நிச்சயதார்த்தம் முதலான படங்கள், வாட்ஸப் உரையாடல், குடும்பப் பயணங்கள் எல்லாம் அப்போது உதவும்.

மறுத்தால் எழுத்தில், காரணத்தோடு மறுக்க வேண்டும். மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அந்த நாள் கணக்கு முக்கியம், உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மறுப்பு வராமல் ஆறு மாதம் தாண்டி இழுத்தடிக்கிறார்கள், அல்லது கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள் என்றால், சால்விட் என்ற இலவச அமைப்பு எல்லா உறுப்பு நாடுகளிலும் இருக்கிறது. இணையத்தில் எழுதினால், இரு நாட்டு மையங்களும் பேசி அலுவலகத்தைத் தட்டிக்கேட்கும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அவர்கள் தலையிட மாட்டார்கள்.

அட்டை வந்த பிறகு

அட்டை கைக்கு வந்ததும், அதில் 2004/38 ஆணையின் பத்தாம் பிரிவு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறிப்புள்ள அட்டை இருந்தால், மனைவியோடு சேர்ந்து போகும்போதோ அவரிடம் போய்ச் சேரும்போதோ அயர்லாந்து போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள உறுப்பு நாட்டுக்கும் விசா வேண்டாம். தனியாகச் சுற்றிப்பார்க்கப் போனால் இந்த விலக்கு கிடைக்காது.

அட்டை பொதுவாக ஐந்து வருடம் செல்லும். வருடத்தில் ஆறு மாதம் வரை வெளியே இருந்தால் பாதிப்பில்லை. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற காரணங்களுக்கு ஒரு தடவை தொடர்ந்து 12 மாதம் வரை போகலாம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போய் எட்டு மாதம் தங்கிவிடுபவர்கள் மருத்துவக் காகிதங்களை எடுத்துவர மறக்கக் கூடாது.

மனைவி ஜெர்மனியில் இருக்கும்வரைதான் கணவரின் உரிமையும். அவர் வேலை மாறி ஸ்பெயினுக்குப் போய், கணவர் மட்டும் ஜெர்மனியில் தங்கிவிட்டால், அட்டையில் இன்னும் மூன்று வருடம் பாக்கி என்று எழுதியிருப்பதில் பயனில்லை. தம்பதியர் பிரிந்து வாழ்ந்தால் மட்டும் உரிமை போய்விடாது, சட்டப்படி மணம் முறியும்வரை அது நிற்கும். விவாகரத்துக்குப் பிறகும் தொடர வேண்டும் என்றால், வழக்குத் தொடங்குவதற்கு முன் மணம் மூன்று வருடமாவது நீடித்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது ஜெர்மனியில் கழிந்திருக்க வேண்டும். குடும்ப வன்முறை, குழந்தையின் பொறுப்பு போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. ஒரு கண்ணி இங்கே இருக்கிறது: விவாகரத்து வழக்குத் தொடங்கும் முன்பே ஒன்றியக் குடிமகள் நாட்டைவிட்டுப் போய்விட்டால், பொதுவாக அந்த உரிமை தப்பாது. பிரிவு நெருங்குகிறது என்று தெரிந்தவர் துணை கிளம்புவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி சேர்ந்து வாழ்ந்துவிட்டால் நிரந்தர வதிவிட உரிமை வருகிறது. பழைய அட்டை காலாவதியாகும் முன் நிரந்தர அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அதற்குப் பிறகு மனைவி பிரான்ஸுக்கே திரும்பிப் போனாலும், இந்த உரிமை கணவருடைய சொந்த உரிமை. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால் மட்டும் அது போய்விடும்.